பத்து வெள்ளி ரம்பம்: எங்கே கோளாறு, எப்படிச் சரிசெய்வது

என் பெரியப்பா சிங்கப்பூரின் செம்பவாங் கடற்படைத் தளத்தில் தச்சு வேலை பார்த்தவர். 1968இல் பிரிட்டிஷார் அங்கிருந்த கப்பல் பட்டறையை நம் அரசிடம் ஒப்படைத்தார்கள். 1971 முடிவதற்குள் படைகளில் பெரும்பகுதி ஊருக்குக் கிளம்பிவிட்டது. கிளம்பியவர்கள் விட்டுப்போன சாமான்களில் மற்றவர்கள் நாற்காலியும் கடிகாரமும் பொறுக்க, பெரியப்பா பொறுக்கியது ரம்பங்களை. அவற்றில் மூன்று இன்றும் என் வீட்டில் மரம் அறுக்கின்றன. சிறு வயதில் என்னைச் சுங்கை ரோட்டுச் சந்தைக்குக் கூட்டிப்போவார். பாடம் ஒன்றே ஒன்றுதான்: "துருவப் பாக்காதடா, நேரா இருக்கான்னு பாரு."

அந்த வரியை மீறி நான் வாங்கிய ஒவ்வொரு ரம்பமும் காசைத் தின்றது. பளபளவென்று இருந்தவை எல்லாம் கோணல். செங்கல் நிறத்தில் கிடந்தவை சீவிச் சுத்தம் செய்ததும் சொன்னபடி கேட்டன. அதனால் கீழே கோளாறு வாரியாக எழுதுகிறேன். உங்கள் கையில் இருக்கும் ரம்பம் என்ன சொல்கிறதோ அந்த இடத்துக்குப் போய்ப் படித்துக்கொள்ளுங்கள்.

முதலில், எங்கே கிடைக்கும் என்பதை முடித்துவிடலாம். சுங்கை ரோட்டுச் சந்தை 2017 ஜூலை 10ஆம் தேதியோடு மூடிவிட்டார்கள். இப்போது காரோசல் என்ற இணையச் சந்தை, சால்வேஷன் ஆர்மி மாதிரியான பழம்பொருள் கடைகள், வீடு வீடாகப் பழைய சாமான் வாங்கும் காராங்குனி அங்கிள், பெற்றோரின் வீட்டைக் காலி செய்யும் பிள்ளைகள், இவ்வளவுதான் வழி. காரோசலில் 'விண்டேஜ்' என்று தேடினால் கோப்பிக்கடைச் சுவரில் மாட்ட வாங்குபவர்களின் விலைதான் வரும். 'ஓல்ட் டூல்ஸ்', 'ரஸ்டி', 'கார்பெண்டர்' என்று தேடுங்கள். பெட்டியோடு மொத்தமாக விற்பவரிடம் ரம்பம் மலிவு. நான் 15 வெள்ளிக்கு (டாலருக்கு) மேல் போவதில்லை. அதற்கு மேல் கேட்பவரிடம், பல் வரிசையை நுனியிலிருந்து கைப்பிடி நோக்கிப் படமெடுத்து அனுப்பச் சொல்வேன். அனுப்ப மறுத்தால் ஏன் என்று எனக்குப் புரிந்துவிடும்.

"முழுக்கத் துரு. எடுக்கலாமா?"

எடுக்கலாம், மூன்று விஷயம் பார்த்த பிறகு. ஒன்று, துரு எந்த வகை என்பது. சிவப்பாகப் பொடியாக உதிர்ந்தால் மேல்துரு, பயமில்லை. நகத்தால் தடவும்போது அம்மைத் தழும்பு மாதிரி குழி தட்டுப்பட்டால், அந்தக் குழி எங்கே இருக்கிறது என்று பாருங்கள். தகட்டின் நடுவில் என்றால் அழகுதான் கெடும். பல் வரிசையை ஒட்டி ஆழமான குழிகள் இருந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். பல்லின் கூர்முனை குழியில் விழும்போது முனையே இருக்காது. பற்களை இடமும் வலமுமாகச் சாய்த்துச் செட் போடும்போது அங்கேதான் ஒடியும்.

இரண்டாவது, எவ்வளவு தகடு மிச்சம் இருக்கிறது. ஒவ்வொரு முறை அரம் போட்டுக் கூர்தீட்டும்போதும் ரம்பம் கொஞ்சம் குறுகும். நுனியில் அகலம் இரண்டு விரலுக்கும் கீழே வந்துவிட்டால் அது வாழ்ந்து முடித்த ரம்பம். மூன்றாவது, விரிசல். பல்லுக்கு இடையிலுள்ள பள்ளத்திலிருந்து மயிரிழையாகக் கிளம்பும். சந்தேகமான இடத்தில் எண்ணெய் தடவித் துடைத்துப் பாருங்கள், விரிசலில் எண்ணெய்க் கோடு நிற்கும்.

"பல் நுனி மட்டும் கறுநீலமாக இருக்கிறது"

இது கோளாறு இல்லை, ஏமாற்றம். இன்று கடையில் விற்கும் ரம்பங்களில் பெரும்பாலானவை பல் நுனியை மட்டும் மின்தூண்டலில் சுட்டுக் கெட்டியாக்கியவை. வெகுநாள் கூர் மழுங்காது, மழுங்கிய பின் அரமும் ஏறாது. அரம் கண்ணாடிமேல் போவது போல் வழுக்கும். இரண்டு இழுப்பில் உங்கள் அரம்தான் தேயும். ஜப்பானிய இழுப்பு ரம்பங்களிலும் இப்போது இந்த வகை அதிகம். பழைய பெட்டியில் கிடந்தாலும் அது பழைய ரம்பம் ஆகாது. கைப்பிடி பிளாஸ்டிக் என்றால் பல்லை இரண்டு தடவை பாருங்கள்.

"கம்பெனிப் பெயரே தெரியவில்லை"

கைப்பிடி உங்கள் வலப்பக்கமும் பல் கீழேயும் இருக்கும்படி பிடியுங்கள். அந்த முகத்தில்தான் கம்பெனி எழுத்து அமிலத்தால் பொறித்திருக்கும். கைப்பிடியின் பித்தளை முத்திரையும் அதே பக்கம். முத்திரையில் 'வாரண்டட் சுப்பீரியர்' என்று மட்டும் இருந்தால் அது கம்பெனிப் பெயர் இல்லை. பல தயாரிப்பாளர்கள் தங்கள் இரண்டாம் தரச் சரக்குக்கும், வேறு கடைகளின் பெயரில் விற்பதற்கும் போட்ட பொது வாசகம். அதற்காக அது மட்டம் என்று சொல்ல மாட்டேன், என்னிடம் இருப்பதில் ஒன்று அருமையாக ஓடுகிறது. ஆனால் விற்பவர் அந்த வாசகத்தைக் காட்டி விலை ஏற்றினால் சிரித்துவிட்டு நகருங்கள்.

பெயர் தெரிந்தால் ரம்பத்தின் வயது கொஞ்சம் பிடிபடும். ஹென்றி டிஸ்டன் பிலடெல்பியாவில் 1840இல் தொடங்கிய கம்பெனி டிஸ்டன். அதன் டி-8 ரகம் 1874இல் வந்தது. 1955இல் குடும்பத்தின் கையை விட்டுப் போர்ட்டர் கம்பெனிக்குப் போனது. அதற்கு முந்தைய டிஸ்டன் என்றால் கேள்வி கேட்காமல் வாங்கலாம். நம் ஊரில் அதைவிட அதிகம் கண்ணில் படுவது ஷெஃபீல்டு சரக்கு: ஸ்பியர் அண்ட் ஜாக்சன், யானை முத்திரை போட்ட டைசாக். ஸ்வீடனின் சாண்ட்விக்கும் உண்டு. பெரியப்பாவுக்கு யானை மார்க் என்றால் உயிர். காரணம் கேட்டால், "பிள்ளையார் இருக்காருல்ல" என்பார்.

"தகடு வளைந்திருக்கிறது"

இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும், அதுவும் வாங்குவதற்கு முன்பே. கைப்பிடியைக் கன்னத்துக்கு அருகில் வைத்து, ஒற்றைக் கண்ணால் பல் வரிசை நெடுகப் பாருங்கள். பிறகு முதுகுப் பக்கத்தையும் அப்படியே பாருங்கள். தெரியக்கூடியது மூன்று விதம்.

வில் போல ஒரே சீரான வளைவு என்றால், எங்கோ சாய்த்து வைத்துப் பல வருடம் நின்ற ரம்பம். இதைக் கையாலேயே சரிசெய்யலாம். கையுறை போட்டுக்கொண்டு, நுனியைப் பிடித்து வளைவுக்கு எதிர்த்திசையில் நேர்க்கோட்டையும் தாண்டி நன்றாக வளைத்து விடுங்கள். பார்த்துப் பார்த்து நாலைந்து முறை. நல்ல எஃகு பயந்த அளவு வளையாது, திரும்பி வந்துவிடும். அதனால் நினைப்பதைவிட அதிகமாக வளைக்க வேண்டியிருக்கும். வளைவு ஒரு பகுதியில் மட்டும் என்றால் அந்த இடத்தை முழங்காலில் வைத்து அழுத்துங்கள்.

மடிப்பு என்பது வேறு. ரம்பம் மரத்தில் சிக்கியபோது யாரோ கோபத்தில் தள்ளியிருப்பார்கள், ஒரு இடத்தில் மட்டும் சட்டென்று முறுக்கிக்கொண்டிருக்கும். டியூப்லைட்டின் பிம்பம் தகட்டில் விழும்படி திருப்பினால், நேரே ஓடும் ஒளிக்கோடு அந்த இடத்தில் உடைவது தெரியும். இதைப் பட்டறைக் கல்லில் வைத்துச் சுத்தியலால் தட்டித்தான் எடுக்க வேண்டும். தட்டத் தட்ட எஃகு அங்கே விரியும். விரிந்தால் இன்னொரு இடத்தில் வயிறு தள்ளும். நான் மூன்று ரம்பம் கெடுத்துத்தான் இதைத் தெரிந்துகொண்டேன். பல் வரிசையில் மடிப்பு இருந்தால், முதல் ரம்பமாக அதை எடுக்காதீர்கள்.

மூன்றாவது, முதுகில் பித்தளைப் பட்டையோ இரும்புப் பட்டையோ உள்ள சிறு ரம்பம், பல் வரிசை பாம்பு போல நெளிகிறது. பலர் இதைத் தகட்டின் கோணல் என்று நினைத்து விட்டுவிடுவார்கள், விலையும் இறங்கும். பெரும்பாலும் தகடு பட்டைக்குள் ஒரு முனையில் அதிகமாக ஏறி உட்கார்ந்ததுதான் காரணம். கைப்பிடியைக் கழற்றி, தகட்டை இரண்டு மரச்சட்டத்துக்கு நடுவே வைஸில் இறுக்கி, பட்டையை மரச்சுத்தியலால் மெல்லத் தட்டித் தளர்த்தி, திரும்ப ஒரே சீராக இறக்குங்கள். நெளிவு தானாகப் போவதைப் பார்க்க வேடிக்கையாக இருக்கும். எட்டு வெள்ளிக்கு இப்படி ஒன்று எனக்குக் கிடைத்தது.

"துருவை எடுத்தேன், கம்பெனி எழுத்தும் சேர்ந்து போய்விட்டது"

கம்பி பிரஷை டிரில்லில் மாட்டியிருப்பீர்கள். போன எழுத்து திரும்பாது, அடுத்த ரம்பத்துக்காவது இதைச் செய்யுங்கள்.

கைப்பிடியைக் கழற்றுங்கள். தகட்டை ஒரு பலகைமேல் படுக்க வையுங்கள். மண்ணெண்ணெய் அல்லது டபிள்யூ.டி.-40 தடவி, சவர பிளேடைத் தகட்டோடு ஏறக்குறையப் படுக்க வைத்துச் சுரண்டினால் தடித்த துரு செதில் செதிலாக வரும். அதன்பின் வாட்டர் பேப்பர் 220, பிறகு 320, முடிவில் 400. கட்டாயம் ஒரு தட்டையான மரக்கட்டையில் சுற்றித் தேயுங்கள். விரலால் தேய்த்தால் எழுத்தின் பள்ளத்துக்குள்ளும் புகுந்து அழித்துவிடும். கட்டை மேட்டை மட்டும் தொடும், எழுத்து கறுப்பாகப் பள்ளத்தில் தங்கும். நீளவாக்கில் மட்டும் தேயுங்கள். தகடு கண்ணாடியாக வேண்டியதில்லை. கரும்பழுப்பு நிறம் அங்கங்கே நின்றால் நிற்கட்டும், அது மேற்கொண்டு துருவைத் தடுக்கும்.

அமிலக் குளியல் வேண்டும் என்பவர்கள் தேக்கா வட்டாரக் கடைகளில் எலுமிச்சை உப்பு என்று கேட்டால் கிடைக்கும் சிட்ரிக் அமிலத்தை ஒரு லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம் போட்டுக் கலக்கிக்கொள்ளலாம். 26 அங்குல ரம்பத்துக்கு நீளமான பூந்தொட்டித் தட்டு சரியாக இருக்கும். ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை எடுத்துப் பாருங்கள். இரண்டு மூன்று மணி நேரத்துக்கு மேல் விட்டால் எழுத்து மங்கும், எஃகும் நொறுங்கும் தன்மைக்கு வரலாம். இரவு போட்டுவிட்டுத் தூங்கப் போகாதீர்கள். எடுத்ததும் கறுப்புப் பூச்சைத் துடைத்து, ஆப்ப சோடா கரைத்த தண்ணீரில் அலசி, முடி உலர்த்தியால் காயவைத்து, சூடு ஆறுவதற்குள் எண்ணெய் தடவுங்கள். நம் ஊர்க் காற்றில் 'போன் வந்தது, பேசிட்டு வந்தேன்' என்றால் திரும்பி வரும்போது தகடு மஞ்சள் பூத்திருக்கும். வினிகர் பயன்படுத்துபவர்கள் தொட்டியை மூடி வையுங்கள், அந்த ஆவியே பக்கத்திலிருக்கும் மற்ற கருவிகளைத் துருப்பிடிக்க வைக்கும்.

மின்சாரம் விட்டுத் துரு எடுக்கும் முறை வீவக அடுக்குமாடி வீட்டுக்கு வேண்டாம். ஹைட்ரஜன் வாயு கிளம்பும். எவர்சில்வர் துண்டை எதிர்முனையாகப் போட்டால் நச்சுக் குரோமியமும் தண்ணீரில் இறங்கும். அதைக் கழிவறையில் ஊற்றும் பாவம் நமக்கு எதற்கு.

"கைப்பிடி ஆடுகிறது" / "நட்டு திருகத் திருகச் சுற்றுகிறது"

இரண்டும் வேறு வேறு நோய். நட்டு முழுக்க இறுகியும் கைப்பிடி ஆடினால், மரம் சுருங்கி ஒல்லியாகிவிட்டது. போல்ட் நட்டின் அடியைத் தொட்டு நின்றுவிடுகிறது, மரத்தை அழுத்தவில்லை. போல்ட்டின் முனையை அரத்தால் ஒரு மில்லிமீட்டர் குறைத்தால் தீர்ந்தது. ஏர்கான் அறையில் மாட்டி வைத்த ரம்பங்களில் இது சகஜம்.

நட்டோடு சேர்ந்து போல்ட்டும் சுற்றினால், போல்ட் தலைக்கு அடியிலுள்ள சதுரக் கழுத்து மரத்தில் பிடிமானம் இழந்துவிட்டது. மறுபக்கத்துத் தலையைக் கட்டைவிரலால் மரத்துக்குள் அழுத்திக்கொண்டு திருகுங்கள். கழன்றதும், மாட்டும்போது சதுர ஓட்டையில் மெல்லிய மரச்சீவல் ஒன்றைச் செருகுங்கள்.

மிகப் பழைய பிரிட்டிஷ் ரம்பங்களில் நட்டின் தலையில் இரண்டு பக்கமும் வெட்டு இருக்கும், நடுவில் போல்ட் தலை காட்டும். சாதாரணத் திருப்புளி போட்டால் பித்தளை கிழியும். ஒரு பழைய திருப்புளியின் நுனி நடுவில் அரத்தால் ஒரு பள்ளம் செய்யுங்கள், அதுவே சாவி.

கைப்பிடி மரம் பிரிட்டிஷ் சரக்கில் பெரும்பாலும் பீச், பழைய டிஸ்டனில் ஆப்பிள். அதன் அழுக்கை ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் எடுங்கள். உப்புத்தாள் போட்டு உரித்து, விளிம்பின் செதுக்கையும் மழுக்கிப் புதுசு போல் ஆக்கி விற்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். ஐம்பது வருடம் ஒரு ஆசாரியின் உள்ளங்கை மெருகேற்றியதை ஒரு மணி நேரத்தில் துடைத்துப்போடுகிறார்கள்.

பூச்சுக்குப் பச்சை ஆளி விதை எண்ணெய் என்று மேல்நாட்டுக்காரர்கள் சொல்வார்கள். அது காய நாள் கணக்கில் ஆகும், இங்கே பூஞ்சையும் பிடிக்கலாம். அரக்குப் பூச்சு ஒரு கை, அதன்மேல் மெழுகு, போதும். கொதித்த ஆளி எண்ணெய் பயன்படுத்தினால் அந்தத் துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள், அது தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். பிரித்து, மூங்கில் கொம்பில் துணி காயப்போடுவதுபோல் விரித்துக் காயவிடுங்கள்.

"பல் ஒன்று பெரிசு, ஒன்று சின்னது"

முன்னால் வைத்திருந்தவர் ஒரு பக்கம் அழுத்தியும் மறுபக்கம் தடவியும் அரம் போட்டிருக்கிறார். இப்படிப்பட்ட ரம்பத்தில் பெரிய பல் மட்டும் வேலை செய்யும். சின்னப் பல் பின்னாலேயே சும்மா ஊர்வலம் வரும்.

ஒரு தட்டை அரத்தை ஒரு மரக்கட்டையில் செருகிச் செங்குத்தாகப் பிடித்து, பல் நுனிகள் நெடுக ஓட்டுங்கள். எல்லாப் பல்லின் உச்சியிலும் பளிச்சென்று ஒரு சின்ன வெள்ளைப் புள்ளி தெரிய வேண்டும். உடைந்த ஒன்றிரண்டு பல்லுக்காக மற்ற எல்லாவற்றையும் அதன் உயரத்துக்கு இறக்காதீர்கள். அடுத்தடுத்த கூர்தீட்டலில் அது தானாக வரிசைக்கு வந்துவிடும்.

பிறகு முக்கோண அரம். அளவு முக்கியம்: பல்லின் ஆழம் அரத்தின் முகத்தில் பாதிக்கும் குறைவாக இருக்க வேண்டும், அப்போதுதான் மூன்று மூலையும் தனித்தனியாகப் பயன்படும். அங்குலத்துக்கு 8 முனை உள்ள ரம்பத்துக்கு 6 அங்குல மெல்லிய முக்கோண அரம் சரி. எத்தனை முனை என்பது பெரும்பாலும் கைப்பிடிக்கு அருகே தகட்டில் எண்ணாகக் குத்தியிருக்கும். இல்லாவிட்டால் ஒரு அங்குலத்துக்குள் இரண்டு ஓரத்து முனைகளையும் சேர்த்து எண்ணுங்கள். ஜாலான் புசார் பக்கத்து இரும்புச் சாமான் கடைகளில் கேட்கும்போது 'ரம்பத்துக்கு' என்று சொல்லிக் கேளுங்கள். சும்மா முக்கோண அரம் என்றால் தடிமனானதைக் கையில் கொடுத்துவிடுவார்கள்.

பல் நுனிகளில் மார்க்கரால் கறுப்புப் பூசிக்கொள்ளுங்கள். அரத்தை முன்னோக்கித் தள்ளும்போது மட்டும் வெட்டுங்கள், திரும்பும்போது தூக்கிவிடுங்கள். பெரிய பல்லின் பக்கமாகக் கொஞ்சம் அழுத்தம் கொடுத்து, வெள்ளைப் புள்ளி பாதியாகும்வரை ஒன்று, மறுபக்கம் வந்து அது மறையும்வரை ஒன்று. மறைந்த நொடியில் நிறுத்துங்கள். இன்னும் ஒரே ஒரு தடவை என்று கை போகும், அந்த ஒரு தடவைதான் அடுத்த பல்லைச் சின்னதாக்குவது.

நெடுக்கு அறுக்கும் ரம்பம் என்றால், 5 முதல் 7 முனை, அரம் தகட்டுக்குச் செங்குத்தாகப் போகும். ஒவ்வொரு பல்லும் சின்ன உளி. குறுக்கே அறுக்கும் ரம்பம் என்றால், 8 முதல் 12 முனை, அரத்தை 20 பாகை அளவுக்குச் சாய்த்துப் பிடிக்க வேண்டும். ஒவ்வொரு பல்லும் சின்னக் கத்தி. எவ்வளவு சாய்வு என்று குழம்பினால் கைப்பிடியை ஒட்டிய கடைசிப் பற்களைப் பாருங்கள். அங்கே யாரும் அதிகம் அறுப்பதில்லை, தொழிற்சாலை போட்ட கோணம் அப்படியே இருக்கும். அரத்தை அந்தப் பள்ளத்தில் அமர்த்தினால் கையே அந்தச் சாய்வைப் பிடித்துக்கொள்ளும்.

"அரம் போடும்போது ஊரே கேட்கக் கிறீச்சிடுகிறது"

தகடு அதிர்கிறது. வைஸின் வாய்க்கு மேலே பல் பள்ளம் 3 மில்லிமீட்டருக்கு மேல் எழும்பக் கூடாது. தகட்டின் முழு நீளத்துக்கும் இரண்டு மரச்சட்டம் வைத்து கிளாம்ப் போட்டு இறுக்குங்கள். அப்படியும் கொஞ்சம் சத்தம் வரத்தான் செய்யும். நடைபாதையில் உட்கார்ந்து செய்தால் எதிர்வீட்டு ஆன்ட்டி எட்டிப் பார்ப்பார். நான் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குச் செய்கிறேன், முன்கூட்டியே சொல்லிவிட்டு. ஒரு முறை அவர் வீட்டுச் சமையல் கத்தியைத் தீட்டிக்கொடுத்தேன், அதற்குப் பின் பேச்சே இல்லை.

"செட் போடும்போது பல் ஒடிந்தது"

செட் என்பது பற்களை ஒன்று விட்டு ஒன்று இடமும் வலமுமாகச் சற்றே சாய்ப்பது, தகடு போக இடம் கிடைப்பதற்காக. ஒடிவதற்குக் காரணம் மூன்றில் ஒன்று: ஏற்கெனவே இடப்பக்கம் சாய்ந்த பல்லை வலப்பக்கம் மடக்கினீர்கள், பல்லின் மேல்பாதியை மட்டும் சாய்க்காமல் வேரோடு மடக்கினீர்கள், அல்லது நான் முன்பே சொன்ன துருக்குழி. எக்லிப்ஸ் 77 போன்ற செட் பிளையரில் எண்கள் உண்டு, அவை அங்குலத்துக்கு எத்தனை பல் என்பதற்கானவை. ஆனால் அந்த எண்ணில் வைத்தால் பெரும்பாலும் தேவைக்கு மேல் சாயும். ஒரு படி குறைவாகச் சாய்க்கும்படி வைத்துத் தொடங்குங்கள். செட் போட்டபின் எல்லாப் பள்ளத்திலும் ஒரே ஒரு மென்மையான அரத் தடவல்.

"வெட்டு ஒரு பக்கமாக இழுக்கிறது"

முதலில் உங்களைச் சந்தேகியுங்கள். முழங்கை உடம்பை விட்டு விலகினால் ரம்பமும் விலகும். வேறொரு நல்ல ரம்பத்தால் அதே கோட்டில் அறுத்துப் பாருங்கள், அதுவும் இழுத்தால் ரம்பத்தைத் திட்டாதீர்கள்.

ரம்பத்தின் குறைதான் என்றால், எந்தப் பக்கம் இழுக்கிறதோ அந்தப் பக்கத்துப் பற்களுக்குச் செட் அதிகம். தகட்டைப் படுக்க வைத்து, எண்ணெய்க்கல்லை அந்தப் பக்கத்துப் பல்மேல் தட்டையாக வைத்து, கைப்பிடியிலிருந்து நுனிவரை ஒரே ஒரு முறை, கல்லின் சொந்த எடையில் ஓட்டுங்கள். அறுத்துப் பாருங்கள். தேவைப்பட்டால் இன்னொரு முறை. மூன்றாவது முறைக்குக் கை போனால் பிரச்சினை செட்டில் இல்லை, அரம் போட்டதில்.

"பாதியில் சிக்கிக்கொள்கிறது"

அறுத்த கோட்டின் அகலத்தைப் பாருங்கள். தகட்டின் தடிமனைப் போல ஒன்றரை மடங்குக்குள் இருக்க வேண்டும், தகட்டுக்குச் சமமாக இருந்தால் செட் போதவில்லை. நல்ல பழைய ரம்பங்களில் முதுகுப் பக்கம் தகடு மெல்லியதாக இழைத்திருக்கும், அவற்றுக்குக் குறைவான செட்டே போதும். ஈரமான மரத்துக்கு அதிகம் வேண்டும்.

ஆனால் இங்கே பாதி நேரம் மரம்தான் காரணம். இங்கே சாதாரணமாகக் கிடைக்கும் சரக்குப் பலகைகளில் கெருயிங் மரம் கலந்திருக்கும், அதில் பிசின் உண்டு. தகட்டில் பழுப்பாக ஒட்டி உரசலைக் கூட்டும். மண்ணெண்ணெயால் துடைத்து மெழுகுவத்தியை இரண்டு பக்கமும் ஒரு கோடு இழுங்கள், சட்டென்று வித்தியாசம் தெரியும். வெட்டியபின் மரமே வாயை மூடிக்கொண்டால் பிளவில் சின்ன ஆப்பு செருகுங்கள்.

"தொடக்கத்தில் துள்ளுகிறது" / "சீக்கிரம் மழுங்குகிறது"

துள்ளினால் பல்லின் முன்முகம் மிகச் செங்குத்து. ஷெஃபீல்டிலும் பிலடெல்பியாவிலும் பைன் மாதிரியான மெல்லிய மரத்தை மனதில் வைத்துப் போட்ட பல் அது. செங்கால், பாலாவ் போன்ற நம் பக்கத்து வன்மரத்தில் அப்படியே குத்தி நிற்கும். அடுத்த கூர்தீட்டலில் பல்லின் முன்முகத்தைச் சில பாகை பின்னால் சாய்த்து விடுங்கள். வேகம் குறையும், ஆனால் சண்டை போடாது. அதுவரைக்கும் நுனியிலுள்ள பற்களால், கிட்டத்தட்ட எடையே இல்லாமல் தொடங்குங்கள்.

மழுங்குவதற்கு ரம்பத்தைக் குறை சொல்லாதீர்கள். கெருயிங்கிலும் கபூரிலும் மணல்துகள் போலச் சிலிக்கா உண்டு. மெரந்தியை ஒரு வாரம் அறுக்கும் கூர், கெருயிங்கில் ஒரு மதியத்தில் போகும். என்னிடம் சரக்குப் பலகைக்கென்றே கவலைப்படாத ஒரு ரம்பம் உண்டு. யானை மார்க்கை அதன் பக்கமே விடுவதில்லை.

"நேற்று துடைத்தேன், இன்று மறுபடி துரு"

விரல் தடம் போல வட்டமாக இருந்தால் அது உங்கள் வியர்வை. வேலை முடிந்ததும் துடைத்து, கமெலியா எண்ணெயோ தையல் மெஷின் எண்ணெயோ ஒரு துளி தடவுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாளாக ஆகச் சிக்குப் பிடிக்கும்.

தகடு முழுக்கப் பரவலாக வந்தால் வைக்கும் இடம் சரியில்லை. நம்மில் பலர் கருவிகளை வீட்டுப் பாதுகாப்பறையில் (குண்டுவீச்சின்போது ஒதுங்கக் கட்டிய அறை) வைப்போம். கனத்த கதவு, காற்று ஓட்டம் இல்லை, ஈரம் உள்ளேயே நிற்கும். ஈரம் உறிஞ்சும் டப்பாவை அங்கே வைப்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள்: அதில் பெரும்பாலும் இருப்பது கால்சியம் குளோரைடு, அடியில் சேரும் தண்ணீர் உப்புக் கரைசல். ஒரு துளி தகட்டில் தெறித்தால் ஒரே இரவில் குழி விழும். அதைத் தரையின் மறுமூலையில் வையுங்கள். ரம்பம் இருக்கும் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் போதும். செய்தித்தாளில் சுற்றி வைக்காதீர்கள், அது ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு தகட்டோடு ஒட்டி உட்காரும். பல்லுக்கு, நீளவாக்கில் கிழித்த தோட்டக் குழாய்த் துண்டு ஒன்றை மாட்டுங்கள். எம்ஆர்டி ரயிலில் எடுத்துப்போகும்போதும் அதுவே உறை.

"எதைச் செய்தும் சரிவரவில்லை"

மடிப்பு விழுந்தது, விரிசல் ஓடியது, குழி தின்றது: இவற்றில் ஒன்று இருந்தால் தகட்டை 15 சென்டிமீட்டருக்கு 6 சென்டிமீட்டர் துண்டுகளாக வெட்டுங்கள். விளிம்பைத் தட்டை அரத்தால் நேராக்கி, வட்டமான எஃகுத் தண்டால் அழுத்தித் தேய்த்து ஓரத்தை மடித்துவிட்டால் அருமையான சுரண்டு தகடு. இழைப்புளி மிரளும் முடிச்சு மரத்தையும் இது மெழுகாக்கும். நான் கெடுத்த அந்த மூன்று ரம்பங்களும் இப்போது ஏழெட்டுச் சுரண்டு தகடுகளாகத் தச்சு வேலை செய்யும் நண்பர்கள் வீட்டில் இருக்கின்றன. பித்தளை நட்டுகளைக் கழற்றிக் காலி ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு வையுங்கள். அடுத்து வாங்கும் ரம்பத்தில் ஒரு நட்டு நிச்சயம் காணாமல் போயிருக்கும்.